லேகிங்கிற்குள் ஒளிந்திருக்கும் துரு: சூட்டுக் குழாய்களுக்கு எந்தப் பெயின்டை விற்கின்றோம்?

பழைய சோனகத் தெருவிலோ குவாரி வீதியிலோ ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் எவருக்கும் இந்த வாடிக்கையாளரை நன்கு தெரியும். ஏதோவொரு ஹோட்டலின் அல்லது ஆடைத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பகுதியைச் சேர்ந்தவர். கையில் ஒரு துண்டுக் கடதாசி. அதில் ரெட் ஒக்சைட் 4 லீற்றர், ஹீட் சில்வர் 4 லீற்றர், தின்னர் 2 போத்தல், வயர் பிரஷ் 3 என்று எழுதியிருக்கும். நாமும் பொருளை எடுத்து மேசையில் வைத்து, பில்லைப் போட்டு, கழிவு எவ்வளவு என்று பேசி முடித்து அனுப்பி விடுகின்றோம். அந்த டின் எந்தக் குழாயில் பூசப்படப் போகின்றது, அந்தக் குழாய் எவ்வளவு சூட்டில் ஓடுகின்றது, அதன் மேல் லேகிங் வருமா என்பதை அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் விடயம். ஏனெனில், அந்தத் துண்டுக் கடதாசியில் உள்ள இரண்டு பெயின்டுமே, பெரும்பாலும் அவை போய்ச் சேரும் இடத்துக்குப் பொருத்தமில்லாதவை. நான் தொழிற்சாலைகளுக்கான பூச்சுப் பொருட்களை விநியோகித்து வருபவன் என்பதால், நம்மவர்கள் அதிகம் ஈடுபட்டுள்ள இந்த வியாபாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதலாம் என எண்ணினேன்.

குளிர் நாட்டுச் சமாச்சாரம் அல்ல

வெப்பக் குழாய் என்றதும் ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கும் குழாய்களே பலரது நினைவுக்கு வரும். நமது நாட்டில் வீட்டைச் சூடாக்கும் தேவை நுவரெலியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் சூட்டைச் சுமந்து செல்லும் குழாய்கள் இங்கும் ஏராளமாக உள்ளன. ஆடைத் தொழிற்சாலைகளில் அயன் பண்ணுவதற்கு நீராவி வேண்டும். நெல் அவிக்கும் ஆலைகளுக்கும், கையுறை செய்யும் இறப்பர் தொழிற்சாலைகளுக்கும் நீராவி இல்லாமல் வேலை இல்லை. பெரிய வைத்தியசாலைகளில் சலவைக்கும் சமையலுக்கும் கருவிகளைக் கிருமி நீக்குவதற்கும் நீராவி பாவிக்கப்படுகின்றது. ஹோட்டல்களிலோ நீராவியோடு வெந்நீர்க் குழாய்களும் கட்டடம் முழுவதும் ஓடுகின்றன.

இவற்றின் சூட்டை ஓரளவு மனதில் பதித்துக் கொள்வது வியாபாரிக்கு நல்லது. ஹோட்டல், வைத்தியசாலைகளில் வெந்நீர் 60 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் சேமிக்கப்பட வேண்டும். அதற்குக் குறைந்தால் லெஜியனெல்லா என்ற கிருமி பெருகும் ஆபத்து உண்டு. நீராவியின் சூடு அதன் அழுத்தத்தைப் பொறுத்தது. பொயிலர் மானியில் 3 பார் காட்டினால் நீராவி ஏறத்தாழ 144 பாகை, 7 பார் காட்டினால் 170 பாகை, 10 பார் என்றால் 184 பாகை. மானியைப் பார்த்தாலே குழாயின் சூடு தெரிந்து விடும். பெயின்டைத் தெரிவு செய்வதற்கு வேண்டிய முதலாவது தகவல் இதுதான்.

சூடான குழாய் துருப்பிடிக்குமா?

"கொதிக்கிற பைப்பில் தண்ணி நிற்குமா? பட்டதும் ஆவியாகிப் போயிடுமே!" என்று பலர் கேட்பார்கள். லேகிங் இல்லாத குழாயில் இது சரி. ஆனால் லேகிங் போட்ட குழாயின் நிலைமை வேறு.

லேகிங் என்பது குழாயைச் சுற்றியுள்ள வெப்பக் காவலிப் போர்வை. நமது நாட்டில் பெரும்பாலும் ரொக்வூல் அல்லது கண்ணாடி நாரைச் சுற்றி, அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகட்டைப் போர்த்துகின்றனர். தகட்டின் மூட்டு ஓரிடத்தில் விலகினால் போதும், மழைநீர் உள்ளே இறங்கி விடும். வால்வைக் கழற்றிப் பூட்டிய இடம், குழாயைத் தாங்கும் இரும்பு, 'டீ' பிரியும் இடம், யாரோ ஏணியைச் சாத்தி நெளித்த இடம் எல்லாமே நீருக்கு வாசல்தான். உள்ளே போன நீரை நார் பஞ்சு போல் பிடித்து வைத்துக் கொள்கின்றது. குழாயின் சூட்டில் அது ஆவியாகும், வெளித்தகட்டில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் நீராகும், மறுபடியும் குழாயில் விழும். மழைநீரிலும் கடற்காற்றிலும் வந்த உப்பு மட்டும் ஆவியாகாமல் குழாயின் தோலில் படிந்து கொண்டே வரும்.

இன்னுமொரு நுணுக்கம் உண்டு. திறந்த பாத்திரத்தில் உள்ள நீர் 80 பாகையைத் தாண்டும் போது அதிலுள்ள ஒட்சிசன் வெளியேறி விடுவதால் துருப்பிடிக்கும் வேகம் குறைகின்றது. ஆனால் லேகிங்கிற்குள் அடைபட்ட ஈரத்தில் அப்படி நடப்பதில்லை. அங்கே சூடு கூடக் கூடத் துருவின் வேகமும் கூடுகின்றது. அமெரிக்காவில் தோன்றிய துருத்தடுப்புப் பொறியியலாளர் அமைப்பான நேஸ், லேகிங்கிற்குள் ஏற்படும் துருவுக்கென்றே 1998 இல் தனி நியமம் ஒன்றை வெளியிட்டது. (அந்த அமைப்பு 2021 இல் வேறோர் அமைப்புடன் இணைந்து இப்போது ஆம்ப் என்ற பெயரில் இயங்குகின்றது.) அந்நியமத்தின்படி சாதாரண இரும்புக் குழாய்க்கு ஆபத்தான எல்லை, உறைநிலைக்குச் சற்றுக் கீழிருந்து 175 பாகை வரையாகும். மேலே சொன்ன வெந்நீர், 3 பார் நீராவி, 7 பார் நீராவி ஆகிய மூன்றும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

அதற்கு மேலே 184 பாகையில் ஓடும் குழாய் தப்பி விட்டது என்றும் எண்ண வேண்டாம். அது ஓடும் வரைதான் உலர்ந்திருக்கும். மாலையில் பொயிலரை நிறுத்தினால் ஆறத் தொடங்கும், ஆறும் போது ஈரத்தை உள்ளிழுக்கும், காலையில் மீண்டும் சூடேறும். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்படும் தொழிற்சாலையும், போகத்துக்குப் போகம் மட்டும் இயங்கி மற்றைய மாதங்களில் சும்மா கிடக்கும் நெல் ஆலையும் இரவு பகலாக ஓடும் ஆலையை விடக் கூடுதலாகத் துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

இதில் கவலைக்குரிய அம்சம், எதுவுமே வெளியில் தெரியாது என்பதுதான். தகடு பளபளவென்று இருக்கும். 2 அங்குல ஸ்கெடியூல் 40 குழாயின் சுவர்த் தடிப்பே 3.9 மில்லிமீற்றர்தான். அது ஒரு மில்லிமீற்றராகத் தேய்ந்த பின்னரும் மேலே உள்ள தகடு மின்னிக் கொண்டுதான் இருக்கும்.

தென்மேற்குக் கரையோரத்தில் ஒரு ஹோட்டலுக்கு வேறொரு ஓடர் விடயமாகப் போயிருந்தேன். சலவைப் பகுதிக் குழாயிலிருந்து லேகிங் வழியே சொட்டுச் சொட்டாக நீர் வடிந்ததால் அன்றுதான் தகட்டைக் கழற்றியிருந்தனர். உள்ளே இருந்த குழாயைக் கையால் தொட்டதும் இரும்பு அடுக்கடுக்காகப் பரோட்டா போல உரிந்து வந்தது. சுத்தியலால் இலேசாகத் தட்டிய இடத்தில் ஓட்டையே விழுந்தது. "இது பெயின்ட் அடிச்ச பைப்தானே முதலாளி" என்று அங்கிருந்த போர்மன் திகைத்துப் போனார். அடித்தது உண்மைதான். நல்ல கம்பனியின் பெயின்ட்தான். ஆனால் அது கூரைச் சட்டங்களுக்கு அடிக்கும் ரெட் ஒக்சைட். அந்த இடத்தைக் கடந்துதான் சலவைப் பெண் பிள்ளைகள் நாள் முழுவதும் போய் வருகின்றார்கள். 140 பாகை நீராவி மேலே பட்டால் என்னவாகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

எந்த டின் எதற்கு?

ரெட் ஒக்சைட் பிரைமர் பெரும்பாலும் அல்கைட் என்ற எண்ணெய் சார்ந்த பசையில் செய்யப்படுவது. ஜன்னல் கம்பிக்கும் கேற்றுக்கும் கூரைச் சட்டத்துக்கும் நல்லது, மலிவானது. ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து தொடர்ச்சியாகத் தாக்கும் இடத்தில் அது மென்மையாகி, கொப்புளித்து, இரும்பை விட்டு விலகி விடும். லேகிங்கிற்குள் அதை அடிப்பதும் அடிக்காமல் விடுவதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஹீட் சில்வர் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் நம் கடைகளில் மிக அதிகமாகத் தவறான இடத்துக்குப் போகும் டின் இதுதான். டின்னின் மேல் 600 பாகை என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 600 பாகையைத் தாங்குவது 60 பாகையைத் தாங்காதா என்று வாங்குபவர் நினைக்கின்றார், விற்பவரும் அப்படியே நினைக்கின்றார். சிலிக்கோன் பசையில் அலுமினியத் தூளைக் கலந்து செய்யப்படும் இந்தப் பெயின்ட் காற்றில் உலர்ந்து தொடுவதற்குக் காய்ந்தது போலத் தெரியும். ஆனால் அது உண்மையாக இறுகுவதற்குச் சுமார் 200 பாகை சூடு கொஞ்ச நேரமாவது கிடைக்க வேண்டும். புகைபோக்கிக்கும் ஜெனரேட்டர் சைலன்சருக்கும் அந்தச் சூடு தானாகவே கிடைக்கின்றது. ஹோட்டல் வெந்நீர்க் குழாய்க்கு வாழ்நாளில் அது கிடைக்கப் போவதில்லை. ஆகவே பூச்சு கடைசி வரை அரைகுறையாகவே இருக்கும். நகத்தால் சுரண்டினால் வந்து விடும். அத்தோடு ஒரு பூச்சின் தடிப்பு 25 மைக்ரோன் அளவுதான். ஈர நாருக்குள் நாட்கணக்கில் ஊறிக் கிடப்பதற்கு அது செய்யப்பட்டதே அல்ல. புகைபோக்கிக்கு அதை விட நல்ல சாமான் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறை டின்னில் இல்லை, இடத்தில்தான்.

"அப்படியானால் சிங்க் பிரைமர் அடிப்போம், இல்லாவிட்டால் ஜீ.ஐ. பைப்பையே போட்டு விடுவோம்" என்பார் சிலர். துத்தநாகம் இரும்புக்காகத் தன்னைக் கரைத்துக் கொண்டு இரும்பைக் காப்பது என்பது சாதாரண சூட்டில் உண்மை. சுமார் 60 பாகைக்கு மேலே, சில வகை நீரில், இந்த உறவு தலைகீழாக மாறக் கூடும். துத்தநாகத்தைக் காப்பாற்ற இரும்பு கரையத் தொடங்கினால் காவற்காரனே கள்வனாகி விட்ட கதைதான். இதனால்தான் 50 முதல் 175 பாகை வரையான குழாய்களில், லேகிங்கிற்குள் சிங்க் சிலிக்கேட் பூச்சைத் தனியாக நம்ப வேண்டாம் என நேஸ் நியமமும் கூறுகின்றது. ஜீ.ஐ. பைப்பை வெல்டிங் பண்ணும் போது எழும் வெள்ளைப் புகை வேலைக்காரருக்குக் காய்ச்சலையும் நெஞ்சிறுக்கத்தையும் கொண்டு வரும் என்பது வேறு விடயம்.

லேகிங்கிற்குள் போக வேண்டியது எப்பொக்சி குடும்பத்தைச் சேர்ந்தது; அதிலும் சூட்டுக்கென்றே செய்யப்பட்டது. சாதாரண இரு டின் எப்பொக்சி ஈர லேகிங்கிற்குள் 60 பாகை வரைதான் பொருத்தம். எப்பொக்சி பினோலிக் என்பது 150 பாகை வரை செல்லும். ஆகவே வெந்நீருக்கும் 3 பார் நீராவிக்கும் அதுவே போதுமானது. 7 பார், 10 பார் குழாய்களுக்கு எப்பொக்சி நொவோலக் என்ற வகை வேண்டும், அது ஏறத்தாழ 200 பாகை வரை தாங்கும். இவற்றுக்கு மேலே, உருகிய அலுமினியத்தையே குழாயின் மீது விசிறும் முறையும் உண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் போன்ற இடங்களில் அதைச் செய்கின்றார்கள். நம்முடைய சிறு வியாபாரத்துக்கு அது எட்டாத கனி.

ஒரே பெயரில் பல கம்பனிகள் பல தரத்தில் செய்வதால், பெயரை மட்டும் நம்பாமல் அந்தந்தக் கம்பனியின் தரவுத் தாளை வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் உலர்ந்த நிலையில் தாங்கும் சூடு ஒன்றும், லேகிங்கிற்குள் தாங்கும் சூடு இன்னொன்றுமாக இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. இரண்டாவது எண் இல்லாவிட்டால் அந்தப் பெயின்ட் இந்த வேலைக்கு உரியதல்ல என்று எடுத்துக் கொள்ளலாம்.

பெயின்டுக்கு முன்னர்

எவ்வளவு நல்ல பெயின்டானாலும் துருவின் மேல் அடித்தால் துருவோடு சேர்ந்து உரிந்து விடும். எப்பொக்சி பினோலிக் போன்றவை சாண்ட் பிளாஸ்டிங் செய்து, இரும்பு வெள்ளை நிறத்தை அண்மிக்கும் அளவுக்குச் சுத்தமாக்கிய குழாயையே எதிர்பார்க்கின்றன. சர்வதேச நியமத்தில் அதற்கு எஸ்.ஏ. இரண்டரை என்று பெயர். வயர் பிரஷ் பிடித்து அந்த நிலைக்குக் கொண்டு வர முடியாது. வயர் பிரஷ் துருவைத் தேய்த்து மினுக்கி விடும், பார்வைக்குச் சுத்தமானது போல் இருக்கும், அவ்வளவுதான்.

இதில் கடல் மணலைப் பாவிப்போரும் உள்ளனர். கடல் மணலில் பிளாஸ்டிங் செய்வது, துருவை அகற்றும் சாக்கில் உப்பை இரும்பில் அறைந்து விடுவதற்குச் சமன். அத்தோடு மணல் தூசு வேலை செய்பவரின் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்து விடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து கிடையாது. செப்புக் கசடு அல்லது கார்னட் துகளைப் பாவிப்பதே முறை. கரையோரத்துக் குழாய் என்றால் பிளாஸ்டிங்குக்கு முன்னர் நல்ல நீரால் கழுவி உப்பைப் போக்க வேண்டும்.

பழைய கட்டடங்களில் லேகிங்கைக் கழற்றும் போது இன்னொரு எச்சரிக்கை அவசியம். பல தசாப்தங்களுக்கு முன் போட்ட லேகிங்கில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக் கூடும். அதை உலர்ந்த நிலையில் உடைத்து, தூசு பறக்க விளக்குமாற்றால் கூட்டுவது பெரும் ஆபத்து. சந்தேகம் இருந்தால் பரிசோதித்த பின்னரே கை வைக்க வேண்டும்.

பூசும் நேரத்தில் காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, இரும்பின் சூடு பனி படியும் நிலையை விடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. கொழும்பில் அதிகாலையிலும் மழை விட்ட கையோடும் இந்த விதியைக் காப்பாற்ற முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்தின் மேல் எப்பொக்சியைப் பூசி விட்டுப் பிறகு கம்பனியைக் குறை சொல்வதில் பயனில்லை. ஓடிக் கொண்டிருக்கும் சூட்டுக் குழாயில் பூசலாமா என்றும் கேட்பார்கள். அதற்கென்று தனியாகச் செய்யப்பட்ட சில பூச்சுகளைத் தவிர வேறு எதையும் பூசக் கூடாது. தின்னர் சட்டென ஆவியாகிப் பூச்சில் ஊசித் துளைகள் விழும் என்பது ஒரு பக்கம். அந்த ஆவி தீப்பற்றும் என்பது இன்னொரு பக்கம்.

ஒட்டுப் போடும் வைத்தியம்

பூச்சைப் பற்றிப் பேசும் போது எப்பொக்சிக் களிம்பையும் சொல்லாமல் விட முடியாது. நீராவிக் குழாய் கசிகிறது என்று வந்து கேட்டால் நாம் உடனே எடுத்துக் கொடுப்பது இதைத்தானே. கசிவு நிற்கலாம். ஆனால் தேய்ந்து போன சுவர் களிம்பால் தடிப்பாகி விடுவதில்லை.

2007 ஜூலை 18 இல் நியூயோர்க் நகரின் மத்தியில், 1924 இல் புதைக்கப்பட்ட நீராவிக் குழாய் ஒன்று வெடித்துத் தெருவே பிளந்தது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். விசாரணையில் தெரியவந்த காரணம் நம் கவனத்துக்குரியது. முன்னர் ஏற்பட்ட கசிவை அடைப்பதற்காகச் செலுத்தப்பட்ட எப்பொக்சிப் பொருள், குழாயில் தேங்கும் நீரை வெளியேற்றும் ட்ரப்புக்குள் சென்று அதை அடைத்து விட்டது. அன்று பெய்த கடும் மழை குழாயைக் குளிர வைக்க, உள்ளே நீர் பெருகிற்று. வெளியேற வழியில்லாத அந்த நீரும் நீராவியும் மோதியதில் ஏற்பட்ட அதிர்ச்சியே குழாயை உடைத்தது. அதாவது துருவால் அல்ல, கசிவை அடைக்கச் செய்த வைத்தியத்தால் வந்த வினை அது. களிம்பை விற்கும் போது 'இது பொயிலரை நிறுத்தும் வரைக்கும்தான், பிறகு குழாய்த் துண்டை மாற்றி விடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு நமக்குச் செலவு எதுவுமில்லை.

லீற்றர் விலையா, சதுர மீற்றர் விலையா?

எப்பொக்சி பினோலிக் என்றதும் வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது விலையை. ரெட் ஒக்சைட்டின் விலையோடு ஒப்பிட்டு "என்ன ஹாஜியார், பகல் கொள்ளையா?" என்பார். 2022 இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை எகிறிய காலத்தில் பல இடங்களில் நல்ல பூச்சைக் கைவிட்டு மலிவான டின்னுக்கு மாறினார்கள். அப்படிப் பூசப்பட்ட குழாய்களின் லேகிங்கை ஒரு முறையாவது திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் வியாபாரிக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 4 அங்குலக் குழாயின் வெளி விட்டம் 114.3 மில்லிமீற்றர். ஆகவே 100 மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 36 சதுர மீற்றர் பரப்பு வரும். பெயின்ட் டின்னில் உலர்ந்த பின் எஞ்சும் பகுதி எத்தனை வீதம் என்று தரவுத் தாளில் இருக்கும். அந்த வீதத்தைப் பத்தால் பெருக்கி, வேண்டிய தடிப்பின் மைக்ரோன் அளவால் வகுத்தால், ஒரு லீற்றர் எத்தனை சதுர மீற்றருக்குப் போதும் என்பது கிடைக்கும். எஞ்சும் பகுதி 65 வீதம், தடிப்பு 125 மைக்ரோன் என்றால் 650 ஐ 125 ஆல் வகுக்க 5.2 சதுர மீற்றர். 36 சதுர மீற்றருக்கு ஒரு பூச்சுக்கு 7 லீற்றர், இரண்டு பூச்சுக்கு 14 லீற்றர். குழாய் உருண்டையானது என்பதால் விசிறும் போது வீணாகும் அளவு அதிகம். 30 வீதம் வீண் என்று வைத்தால் மொத்தம் 20 லீற்றர்.

அந்த 20 லீற்றரின் விலையை, 100 மீற்றர் குழாயைக் கழற்றிப் புதிதாகப் போட்டு வெல்டிங் செய்து மீண்டும் லேகிங் சுற்றும் செலவோடும், அதுவரை தொழிற்சாலை மூடிக் கிடக்கும் நட்டத்தோடும் ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். முகாமையாளர் மட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த மொழி விளங்கும். பெயின்டின் விலை முழு வேலையில் மிகச் சிறிய பங்குதான். சாரம் கட்டுவதும் லேகிங்கைக் கழற்றிப் போடுவதும்தான் பெரிய செலவு. எல்லாவற்றையும் கழற்றிய பின்னர் உள்ளே மலிவான டின்னை அடித்து மூடுவது எந்தக் கணக்குக்கும் சரி வராது.

விற்பவரின் பொறுப்பு

நம் நாட்டில் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வாங்குபவர் தனது தேவை இன்னதென்று தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பிப் பொருளை வாங்கினால், அப்பொருள் அத்தேவைக்கு நியாயமான அளவு பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உட்பொதிந்துள்ளது. "நீராவிக் குழாய்க்கு ஒரு நல்ல பெயின்ட் தாங்க" என்று கேட்டவருக்கு எதையாவது கொடுத்து விட்டு, டின்னில் எழுதியிருந்ததுதானே என்று பின்னர் தப்பிக்க முயல்வது கடினம்.

சட்டத்துக்கு முன்பே நமக்கு மார்க்கம் இருக்கின்றது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த போது உள்ளே ஈரம் தென்பட்ட சம்பவத்தை நம்மில் அறியாதவர் இல்லை. மழையில் நனைந்து விட்டது என்று வியாபாரி சொன்ன போது, அந்த நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என அவர்கள் எச்சரித்ததாக ஹதீஸில் வருகின்றது. பளபளக்கும் தகட்டுக்குள் ஈரத்தை மூடி வைக்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விடப் பொருத்தமான சம்பவம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை, கியாருல் ஐப் என்று நமது பிக்ஹு நூல்கள் விரிவாகவே பேசுகின்றன.

டின்னைப் பற்றிய நேர்மையும் இதில் அடங்கும். இரு டின் எப்பொக்சிக்குக் காலாவதித் திகதி உண்டு. பின்தட்டில் கிடந்த பழைய பொருளை விலை குறைத்துத் தள்ளி விடுவது நம் சந்தையில் நடக்கின்றது. ஒரு கம்பனியின் பெயின்டுக்கு இன்னொரு கம்பனியின் ஹார்ட்னரைச் சேர்த்துக் கொடுப்பதும் நடக்கின்றது. அப்படிக் கலந்தால் பூச்சு இறுகாது, அல்லது ஒரு வருடத்தில் வெடிக்கும். லேகிங் மூடியிருப்பதால் குற்றம் உடனே வெளிவராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாடிக்கையாளர் நீங்கள் சொல்வதைக் கேளாமல் மலிவானதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால்? விற்பது உங்கள் விருப்பம். ஆனால் இது லேகிங்கிற்குள் பாவிக்க உகந்ததல்ல என்று பில்லிலேயே எழுதி விடுங்கள். என் அனுபவத்தில், அப்படி எழுதிய பில்லைப் பார்த்ததும் மேலிடத்திலிருந்து அழைப்பு வந்து, சரியான பொருளுக்கு ஓடர் மாறிய சந்தர்ப்பங்களே அதிகம்.

எப்போது செய்வது?

இதில்தான் நடைமுறைச் சிக்கல் இருக்கின்றது. தென்மேற்குக் கரையோர ஹோட்டல்களுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை சீசன், அப்போது வெயில். குழாயில் கை வைக்க விட மாட்டார்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹோட்டல் காலியாக இருக்கும், ஆனால் மழை. பாசிக்குடா போன்ற கிழக்குப் பகுதியில் காலம் மாறி வருமே தவிரப் பிரச்சினை அதேதான்: வேலை செய்ய இடம் கொடுக்கும் மாதத்தில் வானம் இடம் கொடுப்பதில்லை.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, குழாயைப் பிளேன்ஜ் உள்ள துண்டுகளாகப் பிரித்துக் கழற்றி, கூரையுள்ள பட்டறையில் பிளாஸ்டிங்கும் பூச்சும் செய்து, கொண்டு போய்ப் பூட்டுவதுதான். புதிய குழாய் போடுபவர்கள் அதை ஆரம்பத்திலேயே பட்டறையில் பூசி எடுக்கலாம். வெல்டிங் வரும் நுனிகளை மட்டும் விட்டு விட்டு, அந்த மூட்டுகளை மழையில்லாத ஒரு காலை வேளையில் முடித்துக் கொள்ள முடியும். பிளாஸ்டிங் பட்டறைக்காரர் ஒருவரோடும் லேகிங் போடும் பாஸ் ஒருவரோடும் பேச்சு வைத்துக் கொண்டால், பெயின்ட் டின் மட்டும் விற்ற கடை முழு வேலையையும் எடுத்துக் கொடுக்கலாம். தகடு மூட்டுக்கான சீலண்ட், துருவேறா எஃகுப் பட்டி, திறந்து பார்க்கும் மூடி என்று சின்னச் சின்னச் சாமான்களும் கூடவே விலை போகும்.

ஆடைத் தொழிற்சாலைகளைப் பொறுத்த வரை ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையே கைக்கு எட்டும் காலம். தொழிற்சாலை மூடியிருக்கும், பொயிலர் ஆறியிருக்கும். அந்த மாதத்தில் மழை பெரும்பாலும் பிற்பகல் இடியோடுதான் வருமென்பதால் காலை வேளை கிடைக்கும். ஆனால் எப்பொக்சி நொவோலக் போன்றவை எந்தக் கடையிலும் தட்டில் கிடப்பதில்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். ஆகவே குழாயின் நீளத்தையும் சூட்டையும் ஜனவரியிலேயே போய் அளந்து எழுதிக் கொண்டு வந்து, பெப்ரவரி முடிவதற்குள் ஓடரைப் போட்டு விட வேண்டும்.